அங்கமுத்தாரும் ஆலங்கரைக் குளத்து அடைப்பும்

ஆலங்கரையில் எந்த வீட்டுச் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்காமல் நின்றாலும் முதலில் நினைவுக்கு வருகிறவர் அங்கமுத்தார்தாம். தண்ணீர் கடகடவென்று இறங்கிய மறுகணம் மறக்கப்படுகிறவரும் அவர்தாம். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, ஒரு பழைய சைக்கிள். சைக்கிளின் பின்னால் சுருட்டிக் கட்டிய நீள ஸ்பிரிங் கம்பி, கட்டையில் செருகிய ரப்பர் கிண்ணம், ஒரு கட்டு மூங்கில் பிளாச்சு. சொத்து என்று பார்த்தால் அவ்வளவுதான். வீட்டுச் சாக்கடைக் குழாய்களில் அடைப்பு எடுப்பது அவருடைய பிழைப்பு. தண்ணருள்நாயகி அம்மனுக்கு அடிமையாக இருப்பது அவருடைய வாழ்வு.

அந்த அம்மன் கோயிலின் வடபுறச் சுவரில் ஒரு கல்வாய் நீட்டிக்கொண்டிருக்கும். கருவறையில் அபிஷேகம் செய்த நீர் அதன் வழியாகத்தான் வெளியே வந்து விழும். கோமுகி என்பார்கள். பாலாடை, சந்தனக் கசடு, எண்ணெய்ப் பிசுக்கு, பூவிதழ் எல்லாம் அங்கே வந்து படியும். ஒரு நாள் விட்டால் நாறும். இரண்டு நாள் விட்டால் ஈ மொய்க்கும். இருபத்தாறு வருடமாக அங்கமுத்தார் விடியற்காலையில் குளித்துவிட்டு வந்து அதைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவார். பூவையெல்லாம் பொறுக்கி நந்தவனத்துச் செடிகளின் அடியில் போடுவார். கடைசியாகச் சொட்டும் ஒரு துளியைத் தலையில் ஏந்திக்கொள்வார். சம்பளம் கிடையாது, கோயில் ஊழியர்களுக்குக் கொடுக்கிற பட்டைச்சோறும் கிடையாது. கொடிமரத்தைத் தாண்டி உள்ளே போனதும் கிடையாது. யாரும் தடுக்கவில்லை, சாக்கடையில் புழங்குகிற கையோடு அவள் முன்னால் போய் நிற்பதா என்று அவரே வைத்துக்கொண்ட கட்டு. ஆகவே அம்மனின் முகத்தை அவர் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

ஊர் அவரை நம்பியதா என்று கேட்டால், எங்கே நம்பியது! ஆலங்கரைக்காரர்களின் குணத்தையும் சொல்லிவிட வேண்டும். கீரைக்காரி ஒரு கட்டு கூடப் போட்டால், ஏன் போட்டாள் என்று ராத்திரி பூராவும் யோசிக்கிற ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் அங்கமுத்தாரின் தொழில்முறை யாருக்குத்தான் பிடிபடும்?

அடைப்பு என்று கூப்பிட்டால் உடனே கம்பியை எடுக்க மாட்டார். "ரெண்டு குடம் கொதிக்கிற தண்ணி ஊத்துங்கம்மா. எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா அதுலயே கரைஞ்சு போவும். போயிட்டா எனக்கு இங்க வேலை இல்ல" என்பார். போகாவிட்டால் ரப்பர் கிண்ணத்தை வைத்து அமுக்கி இழுப்பார். அதற்கு நூறு ரூபாய். அதிலும் போகாவிட்டால் ஸ்பிரிங் விடுவார். அதற்கு நானூறு. குழாயே உடைந்திருந்தால் தோண்டித்தான் ஆகவேண்டும், ஆள்கூலியோடு மூவாயிரத்துக்குக் குறையாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். ஆசிட் மட்டும் ஊற்ற மாட்டார். "அடைப்பும் போவும், குழாயும் போவும்மா. அந்தாண்ட எவனாவது கைய விடுவான், அவன் கையும் போவும்" என்பார்.

சுடுதண்ணீரில் போனால் காசு வேண்டாம் என்கிற ஆளை எந்த ஊர் நம்பும்? "மறுபடி அடைச்சுக்கும்னு அவனுக்குத் தெரியும். ஏதோ வெச்சுட்டுத்தான் போறான்" என்று பேசிக்கொண்டார்கள். மலக்குழிக்குள் இறங்கமாட்டேன், உறிஞ்சுகிற வண்டியைக் கூப்பிடுங்கள் என்று அவர் சொன்னபோது, உடம்பு வளையாத சோம்பேறி என்றார்கள். அவருடைய தம்பி அப்படி ஒரு குழிக்குள் இறங்கி விஷவாயு தாக்கி ஏறாமலே போனவன் என்பதை ஊர் வசதியாக மறந்துவிட்டது. தம்பியை எரித்த மறுநாள் விடியலிலும் அங்கமுத்தார் கோமுகியில் நின்றார். துக்கம் காக்க வேண்டும், இங்கே வரக்கூடாது என்று யாரோ சொன்னதும், சுவரைத் தொடாமல் பத்தடி தள்ளி நின்று அழுதுவிட்டுப் போனார். பதினாறாம் நாள் கழித்து முதல் ஆளாக நாரோடு வந்தார். "என்னத்த சொல்ல, அவகிட்டதான் சொல்லணும்" என்பார். அதற்கு மேல் அவருக்கு ஒரு வேதாந்தமும் தெரியாது.

சந்தேகம் அவருக்கும் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அவருடைய சந்தேகமெல்லாம் குழாயின் மேல்தான். "என்னம்மா போட்டீங்க?" என்று கேட்பார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "நாங்க ஒண்ணுமே போடலியே!" அவர் தலையை ஆட்டிக்கொள்வார். உள்ளேயிருந்து முடிக்கற்றை வரும், சோற்றுப்பருக்கை வரும், ஷாம்பு உறை வரும், ஒரு முறை முழுக் கரண்டியே வந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். பொய் சொன்னவர்கள்தாம் அவரை முறைத்துப் பார்ப்பார்கள்.

இப்படி இருக்கையில் ஆலங்கரைக் கோயில் குளத்துக்கு ஒரு நல்ல காலம் வந்தது. வருடக்கணக்காகக் காய்ந்து, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய குளம். இந்தத் தைப்பூசத்துக்குத் தெப்பம் விடுவது என்று விழாக்குழு முடிவுகட்டி, கார்த்திகை மாதமே ஆழ்குழாய் மோட்டார் போட்டு நிரப்பினார்கள். ஊரே படித்துறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. இருபதே நாள்தான். மார்கழி பிறப்பதற்குள் தண்ணீரில் சோப்பு நுரை மிதந்தது, மீன் செத்து ஒதுங்கியது. படித்துறையில் கால் வைத்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

விழாக்குழுவின் முக்கியப் புள்ளி சபாநடேசன். தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், தெற்கு வீதியில் பெரிய வீடு. ஊரே சந்தேகப் பிராணி என்றால் அவர் அந்த ஊருக்கே தலைவர். பால்காரர் ஊற்றுகிற பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் உள்ளே எடுத்துப்போவார். அவர் கோயில் குருக்களிடம் சொன்னார்: "இது தானா வந்த கேடு இல்ல சாமி. எவனோ வேணும்னே பண்றான்."

குளத்தில் யாரோ வீட்டுச் சாக்கடை கலக்கிறது என்பது அங்கமுத்தாருக்கு மூக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. எந்த வீடு? அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. மஞ்சள்தூளைக் கரைத்து ஒரு வீட்டுச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, குளக்கரையில் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பது. மஞ்சள் வந்தால் அந்த வீடு. வராவிட்டால் அடுத்த வீடு. அடுத்ததற்குக் குங்குமத்தைக் கரைத்து ஊற்றுவார், முந்தினதோடு குழம்பிவிடக் கூடாது அல்லவா? ஊற்றும்போது "தாயே, நீயே காட்டிக்குடு" என்று வாய்க்குள் முணுமுணுப்பார்.

போதாதா! ஒவ்வொரு வீட்டுப் பின்சந்திலும் ஒருத்தர் குந்தி உட்கார்ந்து, மஞ்சளும் குங்குமமும் கரைத்து ஊற்றி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தால் ஆலங்கரை என்ன நினைக்கும்? செய்வினை என்று நினைத்தது. அந்த வாரம் பார்த்து ஒரு வீட்டுப் பசு பாலை மறுத்தது. இன்னொரு வீட்டில் பேசி முடித்த சம்பந்தம் தட்டிப்போனது. தெற்கு வீதிப் பெண்கள் வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார்கள். அவர் சைக்கிள் மணி கேட்டால் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. வேலைக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. வீட்டில் உலை வைப்பதற்கே திண்டாட்டமாகிவிட்டது. ஒரு நாள் கேழ்வரகுக் கூழ், மறுநாள் அதுவும் இல்லை. அவருக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. "அவ குளம் நாறுது, நமக்கு எப்படி சோறு எறங்கும்?" என்று மனைவி தவமணியிடம் சொல்லிவிட்டு மறுபடி கிளம்பிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. தெற்கு வீதியின் கடைசி வீட்டுப் பின்சந்து. சமையலறைக் குழாய் வெளியே வந்து இறங்குகிற இடத்தில் மஞ்சளை ஊற்றிவிட்டுக் குளத்துக்கு ஓடினார். படித்துறைக்குக் கீழே, பாசி மூடிய ஒரு கல் இடுக்கில் இருந்து மெதுவாக மஞ்சள் கசிந்து வந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆத்தா! காட்டிட்டியே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்ப ஓடிவந்தார். குழாய் எங்கே தவறாகச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க மண்ணைக் கிளறினார்.

இணைப்பு கண்ணில் பட்டது. அதன்மேல் பூசியிருந்த பழைய சிமெண்டில் மூன்று விரல் கோடு. திருநீற்றுப் பட்டை மாதிரி.

வேலை முடிந்ததும் ஈரச் சிமெண்டில் அப்படி மூன்று விரலால் இழுப்பது இந்த ஊரில் ஒருவருக்குத்தான் வழக்கம். அங்கமுத்தார் தம் மூன்று விரலையும் அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் வீதிக்குப் புதிதாகப் பாதாளச் சாக்கடை வந்த சமயம். அந்த வீட்டுக்காரர் கூப்பிட்டு இணைப்புக் கொடுக்கச் சொன்னார். தோண்டியபோது ஒரு கல்வாய்க்கால் தென்பட்டது. அந்தக் காலத்தில் அவர் செய்கிற சோதனை ஒன்றே ஒன்றுதான்: ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவது. இழுக்கிறதா? இழுக்கிறது. சரி, பூசு. நன்றாக இழுத்ததால் இதுதான் வீதிச் சாக்கடை என்று நினைத்துவிட்டார். அது சாக்கடை அல்ல. ஊருக்கு வெளியே ஓடுகிற பாசன வாய்க்காலில் இருந்து அம்மன் குளத்துக்கு நீர் கொண்டுவந்த பழைய வழி. எல்லாரும் அதை மறந்துபோயிருந்தார்கள். குளம் காய்ந்து கிடந்தவரைக்கும் சாக்கடை மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. இப்போது தண்ணீரில் கலந்து நாறுகிறது.

அந்த வீடு யாருடையது தெரியுமா? சபாநடேசனுடையது.

அங்கமுத்தார் வீட்டுக்குப் போய்த் தவமணியிடம் சொன்னார். தவமணி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இத வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? கமுக்கமா போயி மாத்திப்புட்டு வந்துடுங்க. ஏற்கெனவே செய்வினைக்காரன்னு பேரு. இதையும் சொன்னீங்க, கோமுகிப் பக்கமே வுட மாட்டாங்க. அது ஒண்ணுதான் ஒங்களுக்கு இருக்கு. அதையும் தொலைச்சுப்புட்டு என்ன பண்ணுவீங்க?"

தவமணி சொன்னது சத்தியமான பேச்சு. கூழ் இல்லாமல் இருந்துவிடலாம்; கோமுகி இல்லாமல் அங்கமுத்தார் இருப்பாரா? "மாத்திடலாம் தவமணி. நாளைக்கிக் காலையில எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவ தண்ணிய ஏந்துறது? என்னமோ நான் அவளுக்குச் சுத்தம் பண்றேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே. இந்தப் பக்கம் ஒரு கையால தொடச்சு, அந்தப் பக்கம் ஒரு கையால சாக்கடைய வுட்டுருக்கேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை கோயில் மண்டபத்தில் விழாக்குழு கூடியிருந்தது. கூடியதே அவருடைய செய்வினை விவகாரத்தை விசாரிக்கத்தான். சபாநடேசன் ஒரு தாளில் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தார்: எந்தத் தேதி, எந்த வீட்டில், மஞ்சளா குங்குமமா. கொடிமரத்துக்கு வெளியே நின்றபடி அங்கமுத்தார் கும்பிட்டுவிட்டு, கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். குளத்தை நாறடித்தது யாரோ இல்லை, என் கைதான் என்றார்.

சபாநடேசன் துள்ளி எழுந்தார். "என் வீட்டுச் சாக்கடையா? செய்வினை வெச்சுட்டு மாட்டிக்கிட்டதும் பழிய என் தலையில போடறியா? யாருப்பா ஒனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"சோதிச்சுப் பாத்துடுங்கய்யா."

"நீ கொண்டாற மஞ்சளை நான் நம்ப மாட்டேன்!"

சபாநடேசன் தாமே கடைக்குப் போய் மஞ்சள்தூள் வாங்கினார். தாமே கரைத்தார். தாமே தம் வீட்டுத் தொட்டியில் ஊற்றினார். ஊற்றுகிற இடத்தில் இரண்டு பேரையும் குளக்கரையில் நான்கு பேரையும் காவலுக்கு நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் குளத்துக் கல் இடுக்கில் இருந்து அவர் வீட்டு மஞ்சள் எல்லார் கண்ணெதிரிலும் வழிந்து வந்தது. அவருக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் விட்டாரா? "சரி, என் வீடு. ஆனா வெச்சது இவன். தெரியாமத்தான் வெச்சான்னு யாருக்குத் தெரியும்? இந்தக் கை இனிமே கோமுகியத் தொடக்கூடாது" என்றார்.

சிலர் ஆமாம் என்றார்கள். சிலர் பாவம் என்றார்கள். நாகநாதக் குருக்கள் வயதானவர், இருபத்தாறு வருடமாகக் கோமுகிச் சுவருக்கு உட்புறம் நின்று அபிஷேகம் செய்கிறவர். "நாம யாரு சொல்றதுக்கு? அம்பாள்கிட்டயே பூ கேட்டுடுவோம்" என்றார்.

பூ கேட்பது அந்தக் கோயிலின் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு இலையிலும் செவ்வரளி ஒரு இலையிலும் மடித்துக் கட்டி, அம்மன் பாதத்தில் வைத்துப் பூசை செய்து, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் அவள் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். வாசலில் பூக்கடை வைத்திருக்கும் பாக்கியத்தம்மாளை அழைத்து எடுக்கச் சொன்னார்கள். அந்த அம்மாளுக்கு அங்கமுத்தார் மேல் பிரியம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வேண்டிக்கொண்டு, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

செவ்வரளி.

சபாநடேசன் உள்ளே போய் மற்றப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தார். இரண்டிலும் சிவப்பை வைத்திருப்பார்களோ என்று அவருக்குச் சந்தேகம். அதில் வெள்ளைதான் இருந்தது. ஒரு சூதும் நடக்கவில்லை. அம்மனே வேண்டாம் என்றுவிட்டாள்.

பாக்கியத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அங்கமுத்தார் அழவில்லை. கொடிமரத்தின் அடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். "அவ வேண்டாம்னுட்டா. சரி. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். கோமுகியத் தொட மாட்டேங்க. நான் வெச்ச குழாய நானே எடுத்துடுறேன், அதுக்கு மட்டும் உத்தரவு குடுங்க" என்றார்.

"எவ்வளவு ஆகும்?" என்று சபாநடேசன் கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாங்கய்யா. தப்பு என்னுது."

"காசு வேண்டாங்கறவன்தான் பின்னால கழுத்தப் புடிப்பான். எழுதிக் குடு."

பிற்பாடு ஒரு பைசாவும் கேட்கமாட்டேன் என்று சபாநடேசனே ஒரு தாளில் எழுத, அங்கமுத்தார் கைநாட்டு வைத்துக் கொடுத்தார்.

குளத்துத் தண்ணீர் முழுவதையும் இறைத்து வெளியேற்றினார்கள். திரும்ப நிரப்பலாம் என்று மோட்டாரைப் போட்டால், ஆழ்குழாயில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டிருந்தது. தைப்பூசத்துக்கு இருபத்து நான்கு நாள்தான் இருந்தது. தெப்பம் இந்த வருடமும் இல்லை, எல்லாம் இந்தச் சாக்கடைக்காரனால் வந்த வினை என்று ஊர் கரித்துக்கொட்டியது.

அங்கமுத்தார் காது கொடுக்கவில்லை. சபாநடேசன் வீட்டுக் குழாயை இரண்டே நாளில் வீதிச் சாக்கடைக்கு மாற்றினார். இழுத்தவுடன் பூசிவிடவில்லை, மஞ்சள் ஊற்றி, வீதிச் சாக்கடையின் மூடியைத் திறந்து, மஞ்சள் அங்கே வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பூசினார். அதற்குப் பிறகு கல்வாய்க்காலைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்து எண்ணெய்க் கசடு உள்ளே பாறையாக இறுகிக் கிடந்தது. இதையும் நான்தானே படிய வைத்தேன் என்று மூடுகற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கொதிநீரை ஊற்றி இளக்குவார், பிளாச்சு விட்டுக் குத்துவார், வழித்து எடுத்து வாளியில் கொட்டுவார். தவமணி வாளியைச் சுமந்துபோய்க் கொட்டிவிட்டு வருவார். கூலி இல்லை. இருவருக்கும் பாக்கியத்தம்மாள் கொடுத்த கஞ்சிதான் சாப்பாடு. சபாநடேசன் தினமும் மாடியில் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். உள்ளே புதையல் கிதையல் இருக்கிறதோ, அதைத்தான் தேடுகிறானோ என்று அவருக்கு ஓர் எண்ணம்.

விடியற்காலைதான் அங்கமுத்தாருக்குத் தாங்காத நேரம். எழுந்து குளித்துவிடுவார். கால் தானாகக் கோயில் வடபுறத்துக்குத் திரும்பும். பாதி வழியில் நின்றுவிடுவார். கையில் நார் இருக்கும், என்ன செய்வது என்று தெரியாது. "இப்ப யாரு தொடைக்கிறாங்களோ, பிசுக்குப் போவத் தேய்க்கிறாங்களோ என்னமோ" என்று தவமணியிடம் சொல்லும்போது அவர் கண் கலங்கும். ஆனால் ஒரு நாளும் ஏன் வேண்டாம் என்றாய் என்று அவளைக் கேட்டதில்லை.

பதினோராம் நாள் ஊரின் எல்லையில் கல்வாய்க்காலின் மறுமுனைக்கு வந்து சேர்ந்தார். வேரும் மண்ணும் சேர்ந்து அடைத்திருந்தன. பொதுப்பணித்துறை ஆளிடம் சொல்லி, உத்தரவு வாங்கி, கடப்பாரை போட்டு நெம்பினார். பாசன வாய்க்காலில் அப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சமயம். வேர்முண்டு பெயர்ந்ததுதான் தாமதம், தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்தது. அங்கமுத்தார் தண்ணீருக்கு முன்னால் குளத்தை நோக்கி ஓடினார், ஐம்பத்தெட்டு வயதில், சேற்றுக் காலோடு. கல் இடுக்கு வழியாகத் தண்ணீர் விழுந்தபோது முதலில் மோந்து பார்த்தார். அப்புறம் நுரை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நல்ல தண்ணீர். ஆனாலும் நம்பாமல் தெற்கு வீதியின் அத்தனை வீட்டிலும் மஞ்சள் ஊற்றிப் பார்த்தார். இந்த முறை எந்தக் கதவும் சாத்திக்கொள்ளவில்லை. எங்கிருந்தும் ஒரு சொட்டு மஞ்சள் குளத்துக்கு வரவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் குளம் நிரம்பிவிட்டது. தெப்பம் கட்டினார்கள். வெறும் பீப்பாய்களின்மேல் மூங்கில் பரப்பி, அதன்மேல் பலகை பாவி, நான்கு பக்கமும் வாழைமரம். தைப்பூசத்தன்று மாலை ஐந்து மணிக்கு வெயில் தணிந்ததும் அம்மன் தெப்பத்தில் ஏறினாள். நாயனம் முழங்கியது. கரையில் நின்றவர்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் முதல் சுற்று அழகாக வந்தது. அங்கமுத்தார் கூட்டத்துக்கெல்லாம் பின்னால், தென்கரை மூலையில், தவமணியோடு ஒதுங்கி நின்றார். செவ்வரளி வந்த ஆள் முன்னால் நிற்கக் கூடாது என்பது அவர் நினைப்பு.

இரண்டாவது சுற்றில் தென்கரைக்கு வந்ததும் தெப்பம் நின்றது.

வடம் பிடித்தவர்கள் தம்கட்டி இழுத்தார்கள். அசையவில்லை. இன்னும் இருபது பேர் சேர்ந்து இழுத்தார்கள். வடம் முறுக்கேறிக் கிறீச்சிட்டதே தவிர, தெப்பம் ஓர் அங்குலம் நகரவில்லை. நாயனம் நின்றது. கல்வாய்க்கால் குளத்தில் வந்து விழுகிற இடத்துக்கு நேர் எதிரே அது நின்றிருந்தது.

சபாநடேசனுக்குச் சொல்லவா வேண்டும்! "அங்கமுத்து! எங்கடா அவன்? கசடையெல்லாம் குளத்துக்குள்ளயே தள்ளிட்டான்யா! சேத்துல மாட்டிக்கிச்சு பாரு!" என்று கத்தினார்.

அங்கமுத்தாருக்கு உயிரே போய்விட்டது. ஒரு முறை அவள் குளத்தைக் கெடுத்தது போதாதென்று மறுபடியுமா? கசடை வாளி வாளியாக வெளியேற்றியது நிஜந்தான், ஆனால் கொஞ்சம் தப்பி வந்திருக்குமோ? கல் ஏதாவது உருண்டு வந்திருக்குமோ? "தாயே, என் கை மறுபடி தப்புப் பண்ணிடுச்சா?" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, வேட்டியோடு குளத்தில் இறங்கினார்.

மார்பளவுத் தண்ணீர். மூச்சை அடக்கிக்கொண்டு தெப்பத்தின் அடியில் முங்கினார். ஒவ்வொரு பீப்பாயாகத் தடவினார். தரையைத் தடவினார். கல் இல்லை, சேறு இல்லை, வேர் இல்லை. பீப்பாய்க்கும் தரைக்கும் நடுவே அவர் படுத்துப் புரளலாம் போல இடம் இருந்தது. மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முங்கினார். அந்தப் பக்கம் தடவினார். மூன்றாவது முறையும் போனார். வாழ்நாளெல்லாம் அடைப்பைத் தேடிய கைகள். எந்தக் குழாயிலும் அந்தக் கை ஏமாந்து திரும்பியதில்லை.

தலையை வெளியே நீட்டினார். தண்ணீரோடு கண்ணீரும் வழிந்தது. "அடைப்பு இல்லீங்க" என்றார். "அடியில ஒண்ணுமே இல்லீங்க. அவளாத்தான் நிக்கிறா."

சபாநடேசன் நம்பவில்லை. மேல்துண்டை எறிந்துவிட்டு அவரும் தண்ணீரில் இறங்கினார். பெரிய மனிதர் தொப்பென்று முங்கி, பீப்பாய்களைத் தட்டி, தரையைக் காலால் துழாவி, ஒரு மூச்சுக்கு இரண்டு மூச்சாகத் தேடினார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் இருந்த அந்தப் பழைய பார்வையைக் காணவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

தெப்பத்தின்மேல் அம்மனுக்குப் பக்கத்தில் நின்ற நாகநாதக் குருக்களுக்கு அப்போதுதான் உறைத்தது. "அங்கமுத்து, தலையக் குனியாதே. நிமிர்ந்து பாருப்பா" என்றார்.

அங்கமுத்தார் நிமிர்ந்தார். தெப்பத்தின் விளிம்பு அவர் கழுத்துக்கு நேராக இருந்தது. இரண்டு முழத் தூரத்தில் தண்ணருள்நாயகி. மூக்குத்தியும் மஞ்சள் பூசிய கன்னமும் சிரித்த உதடும், எல்லாம் கிட்டத்தில். இருபத்தாறு வருடம் சுவருக்கு வெளியே நின்று அவள் குளித்த நீரை ஏந்தியவர், இப்போதுதான் முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"செவப்புப் பூ குடுத்தாளேன்னு நானும் ராத்தூக்கம் இல்லாமத் தவிச்சேன்" என்று குருக்கள் ஊர் முழுவதும் கேட்கச் சொன்னார். "ஒன்ன வேண்டாம்னு சொல்லலப்பா அவ. பின்பக்கம் நிக்க வேண்டாம்னு சொல்லியிருக்கா. முன்னால வரச் சொல்லிக் காத்துண்டு நிக்கறா."

சொல்லிவிட்டு அம்மன் கழுத்து மாலையைக் கழற்றி, குனிந்து, ஈரத் தலையோடு நின்ற அங்கமுத்தாரின் கழுத்தில் போட்டார். அம்மனின் பட்டுத் துணியைத் தலையில் பரிவட்டமாகக் கட்டினார். வடத்தை யாரும் தொடவில்லை, எல்லாரும் கையைத் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். வடம் தண்ணீரில் தொய்ந்து கிடந்தது. தெப்பம் தானாக, மெல்ல, மேற்கு நோக்கி நகர்ந்தது.

சபாநடேசன் அப்போதும் ஒரு முறை குனிந்து வடத்தைப் பார்த்தார். பாவம், பழக்கதோஷம்! அதன் பிறகு ஈர வேட்டியோடு எழுந்து வந்து, தண்ணீரில் நின்ற அங்கமுத்தாருக்குக் கை கொடுத்துக் கரையேற்றினார். கதவைச் சாத்திக்கொண்ட ஊரெல்லாம் அவரைத் தொட்டுக் கும்பிட வரிசையில் வந்தது. தவமணி மட்டும் அழுதுகொண்டே தம் முந்தானையால் அவர் தலையைத் துவட்டிவிட்டார்.

தெப்பம் நகர்ந்தது காற்றினால் என்று சொல்கிறவர்கள் ஆலங்கரையில் இன்றைக்கும் உண்டு. அது அவர்கள் ஊர்க் குணம், சொல்லிவிட்டுப் போகட்டும். தம் தவற்றைத் தாமே ஊரறியச் சொல்லி, ஊர் வெறுத்தபோதும் அவளை வெறுக்காத அங்கமுத்தாருக்கு நாமும் ஒரு கும்பிடு போட்டுவைப்போம். அந்தக் கை தொட்ட நீர் நம் மேலும் ஒரு துளி படட்டும்.